அலமாரிக்குள் ஓர் அதிகாரி

அயர்லாந்துக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ரோஸ்வாராவில் வீடு கட்ட வேண்டுமென்றால் கல்லும் மரமும் கொத்தனாரும் அப்புறம்தான். முதலில், உங்கள் வாயிலிருந்து ஐரிஷ் மொழி வருவதை ஓர் அரசு அதிகாரி தன் சொந்தக் காதால் கேட்டிருக்க வேண்டும். அதிலும் கேள்வி கேட்டு வாங்கிய பதில் செல்லாது. 'இயல்பாக, தூண்டுதலின்றி, இன்னொருவரோடு' பேசியிருக்க வேண்டும். மொழிக் காவல் வாரியம் போட்ட விதி இது. வெளியூர்ப் பணக்காரர்கள் வந்து கடலைப் பார்த்தபடி பங்களா கட்டி, ஐரிஷ் பேசும் ஊரைக் கெடுத்துவிடக் கூடாதாம்.

கடலைப் பார்த்தபடி எங்கள் ஊரில் இப்போது வரிசையாகப் பங்களாக்கள் நிற்கின்றன. கட்டியவர்கள் எல்லாருமே வாரியத்தின் சோதனையில் தேறியவர்கள். கணவனும் மனைவியுமாக மொட்டைப் பாறையில் ஏறி நின்று, மனப்பாடம் செய்ததை ஒருவருக்கொருவர் ஒப்பித்தார்கள். வாரியத்துக்கு அது மிக இயல்பாகப் பட்டது.

தேறாதவன் ஒரே ஒருவன், பார்ட்லி. பிறந்த நாளிலிருந்து ஐரிஷில்தான் அழுகிறான், ஐரிஷில்தான் சிரிக்கிறான், சிங்கி இறால் கூண்டு காலியாக வந்தால் கடலையும் ஐரிஷில்தான் திட்டுகிறான்.

அவன் தேறாவிட்டால் உனக்கென்ன என்று கேட்பீர்கள். என் பெயர் சைவீன். படகுத்துறைக்கு எதிரே இருக்கும் இறைச்சிக்கடை என்னுடையது. என் தங்கை நாப்லாவைத்தான் பார்ட்லிக்கு நிச்சயம் செய்திருக்கிறது. நிச்சயம் ஆன அன்று பிறந்த கன்றுகள் எல்லாம் என் கடை வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. பார்ட்லி தன் அப்பா, அண்ணன்மார், அண்ணிமாரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறான். "சொந்த வீடு எழும்பாம மோதிரத்துக்கு விரல நீட்ட மாட்டேன்" என்று நாப்லா சொல்லிவிட்டாள். ஆனால் அந்த வீட்டுக்கு வேண்டிய அலமாரியை மட்டும் முதலிலேயே வாங்கிவிட்டாள். ஓக் மரம், இரட்டைக் கதவு, ஒரு குதிரையை நிற்க வைக்கலாம். அது என் சமையலறையில் நிற்கிறது. அதற்குப் பிறகு நான் அடுப்புக்குப் போவதென்றால் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போக வேண்டும். இவர்கள் கல்யாணத்தின் மேல் இந்த ஊரிலேயே அதிக அக்கறை உள்ளவள் நான்தான்.

எங்கள் ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐரிஷ் தடுமாறுகிற ஒருவர் வந்து நின்றால், அந்த நொடியே எல்லாருடைய பேச்சும் இங்கிலீஷுக்கு மாறிவிடும். யாரும் யாருக்கும் கண் காட்ட வேண்டியதில்லை. இங்கிலீஷ் எங்களுக்கு நல்ல பீங்கான் கோப்பை மாதிரி, விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருப்பது. வந்தவருக்குப் புரியாத பேச்சை அவர் எதிரிலேயே பேசுவது, பசித்தவனை நிற்க வைத்துவிட்டு நாம் உட்கார்ந்து தின்பதற்குச் சமம். அப்படி ஈனமாக நாங்கள் வளரவில்லை.

இந்த ஊருக்குத்தான் வாரியம் ஃபின்டனை அனுப்பியது.

ஃபின்டன் டப்ளின்காரன், நல்ல பிள்ளை, ஒல்லி. சட்டையில் வெள்ளியில் செய்த ஒரு காது குத்தியிருந்தான். அதுதான் வாரியத்தின் சின்னம். வாய் ஒன்று வரைவதாகத்தான் இருந்ததாம், யாருடைய வாய் என்பதில் தகராறு வந்து காதில் முடிந்ததாம். ஃபின்டன் ஐரிஷைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். "டீச்சர், நான் கழிப்பறைக்குப் போகலாமா?" என்ற வாக்கியம் அவன் வாயில் தேனாக வரும். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் அது சாகும்வரை மறக்காது. மற்ற வாக்கியங்களைச் சொல்லும்போது, பாறை மேல் படகை இழுக்கிற சத்தம் கேட்கும்.

முதல் நாள் படகுத்துறையில் பார்ட்லியைப் பிடித்தான். நெற்றி வேர்க்க, கண்ணை மூடிக்கொண்டு, ஐரிஷில் ஒரு கேள்வியைப் பிரசவித்தான்.

"உன்... படகு... நேத்து... எவ்வளவு அழகா... இருக்கும்?"

பார்ட்லிக்கு மனசு தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு இங்கிலீஷில் சொன்னான்:

"ஐயா, இவ்வளவு சிரமப்படாதீங்க. இங்கிலீஷ்லயே கேளுங்க. மழையும் வருது, வீட்டுக்கு வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் பேசலாம்."

'ஐரிஷ் கேட்கப்படவில்லை' என்று ஃபின்டன் குறித்துக்கொண்டான். பிறகு கழிப்பறைக்குப் போகலாமா என்று அழகான ஐரிஷில் கேட்டான். தயவு கருதி வழி காட்டினார்கள்.

சாயங்காலம் என் கடையில் பார்ட்லியைக் காய்ச்சி எடுத்தேன்.

"ஏன்டா மடையா, ரெண்டு வார்த்த ஐரிஷ்ல பேசித் தொலைச்சா உன் நாக்கு அழுகிடுமா?"

"அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தியா சைவீன்? கொக்கியில மாட்டின மீனு மாதிரி தவிக்குது. அதுகிட்டப் போயி நான் கடகடன்னு ஐரிஷ் பேசணுமாக்கும். கல்லு மனசுக்காரன் பேசுவான்."

பின்னால் நின்ற நாப்லா கொத்துக்கத்தியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். "அந்தப் புள்ள மேல இவ்வளவு எரக்கம் இருக்கே, அதையே கட்டிக்க. மோதிர அளவு கேட்டுச் சொல்லவா?"

பார்ட்லி தலையைக் குனிந்துகொண்டான். அவன் தொப்பியிலிருந்து மழைத் தண்ணீர் என் தரையில் சொட்டியது.

இயல்பான பேச்சு பப்பில்தான் கிடைக்கும் என்று ஃபின்டனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மீனவன் வேஷத்தில் வந்தான். தலையிலிருந்து கால்வரை மஞ்சள் மழையுடுப்பு, புத்தம் புதுசு. கழுத்துக்குப் பின்னால் கடையின் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே அந்த நேரம் பெரிய சண்டை. சோனி என்பவனின் நாய், பார்ட்லியின் அண்ணன் காய வைத்த கானாங்கெளுத்தியைத் தின்றுவிட்டது. நாயில் ஆரம்பித்து நாய் வளர்த்தவனின் பரம்பரைவரை ஐரிஷில் போய்க்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பேசிக்கொண்டிருந்தவன் மூச்சுகூட விடவில்லை, அப்படியே இங்கிலீஷில் திரும்பினான். இங்கிலீஷில் திட்டுவதற்கு எங்களிடம் சொல் கிடையாது. ஆகையால் சண்டை இப்படித் தொடர்ந்தது:

"உங்கள் நாய் இன்று சற்றுக் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டது போலிருக்கிறதே?"

"மன்னிக்க வேண்டும். உங்கள் மீன் மிகவும் ருசியாக அமைந்துவிட்டது."

பப்காரன் ஃபெஸ்டி, வேஷம் போட்டவன் மனசு நோகக் கூடாதே என்று, "என்ன குடிக்கிறீங்க மீனவரே? கடல் எப்படி இருக்கு?" என்று இங்கிலீஷில் விசாரித்தான். 'ஐரிஷ் கேட்கப்படவில்லை.'

அடுத்து, கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகின் கீழே புகுந்து படுத்துக்கொண்டான். பார்ட்லியின் அண்ணன்மார் அந்தப் பக்கம் வந்தார்கள், காலைப் பார்த்தார்கள், குனிந்தார்கள். "ஈரம் ஏறுமே ஐயா, அடியில ஒரு சாக்குப் போட்டுக்கிறீங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார்கள்.

கடைசியில் என்னிடம் வந்து நின்றான், கண் கலங்கியிருந்தது.

"அம்மா, வாரியத் தலைவர் போன்ல கத்துறாரு. எதுவுமே கேக்கலன்னா ஐரிஷ் பேசுற ஊருங்க பட்டியல்லேருந்து இந்த ஊரையே எடுத்துடுவேங்கிறாரு. பார்ட்லி உங்க வீட்டுக்குத் தெனமும் டீ குடிக்க வர்றாராம். அந்த அலமாரிக்குள்ள நான் உக்காந்துக்கவா?"

என் சமையலறையை எண்ணிப் பார்த்துவிட்டு, சரி என்றேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் வாசலிலிருந்து அலமாரிவரை ஈரக் காலடி போயிருந்தது, திரும்பி வரவில்லை. கதவிடுக்கில் மஞ்சள் உடுப்பின் ஓரம் வேறு நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்த பார்ட்லி அதைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாப்லாவை முன்பின் பார்த்திராதவன்போல, இங்கிலீஷில் ஆரம்பித்தான்.

"வணக்கம் நாப்லா அவர்களே. இன்று வானிலை மிகவும் இனிமையாக உள்ளது."

வெளியே ஆலங்கட்டி மழை ஜன்னலை உடைத்துக்கொண்டிருந்தது.

"ஆமாம் பார்ட்லி அவர்களே," என்றாள் என் தங்கை, பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்கள் மூளையைப் போலவே தெளிவாக உள்ளது."

ஆனால் அவளும் இந்த ஊரில் வளர்ந்தவள்தானே. ரொட்டியில் வெண்ணெய் தடவி, கோப்பையில் டீ ஊற்றி, அலமாரிக் கதவை லேசாகத் திறந்து உள்ளே நீட்டினாள். "சர்க்கரை?" என்று கேட்டாள். "ஒண்ணு போதும், நன்றி" என்றது அலமாரி.

ஃபின்டன் தினமும் வந்து உள்ளே உட்கார்ந்தான், விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அண்டை வீட்டுக்காரிகள் கேக் சுட்டால் முதல் துண்டு அலமாரிக்கு வந்தது. போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, கதவைத் தட்டி, சளி தேவலையா என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டுப் போனார்கள். பாதிரியார் ஒருநாள் பழக்கதோஷத்தில் அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "சொல்லு மகனே" என்றுவிட்டார். ஃபின்டனும் எதையோ சொன்னான். ரொம்ப நேரம் பேசினார்கள்.

என் அடுப்பு ஒன்றுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாது. விறகுக்குப் பதில் நாங்கள் எரிக்கிற கரிமண் கட்டியைக் கொஞ்சம் ஈரமாகப் போட்டால் புகைந்து புகைந்து அணைந்துவிடும் பாவி அடுப்பு. ஆள் எவரும் இல்லாத நேரங்களில் வாயில் வந்ததையெல்லாம் ஐரிஷில் அள்ளி அதன் தலையில் கொட்டுவேன். அலமாரிக்குள் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பது எனக்கு எங்கே நினைவிருக்கும்? இது கணக்கில் சேருமா என்று பிறகு ஃபின்டனிடம் கேட்டேன். அடுப்பு 'இன்னொருவர்' ஆகாது என்று வருத்தத்தோடு சொன்னான்.

ஆக, ரோஸ்வாராவில் ஐரிஷ் கேட்கப்படவில்லை என்று முடிவாயிற்று. மொழி இறந்ததை முறைப்படி அறிவிக்கத் தலைவரே கிளம்பி வந்தார். பெயர் மலாக்கி பிரெண்டர்காஸ்ட். அவரோடு துணைத் தலைவர்கள், துணைத் தலைவர்களுக்குத் துணை, ஒரு பூங்கொத்து.

மாதா கோவில் கூடத்தில் ஊரே கூடியது. ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்தார்கள். தலைவர் இங்கிலீஷில் பேசுவதை டப்ளினிலிருந்து வந்த ஒருவர் ஐரிஷில் சொல்வாராம். அந்த ஐரிஷ் எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இங்கிலீஷையே கேட்டோம்.

"நண்பர்களே!" என்றார் தலைவர். "இந்த மொழிக்காக என் வாழ்நாளையே கொடுத்திருக்கிறேன். இதைக் கற்றுக்கொள்ளக்கூட நேரமில்லாத அளவுக்கு இதற்காக உழைத்தவன் நான். ஒரு மொழி வாழ என்ன தேவை? கட்டடம் தேவை. துணைத் தலைவர்கள் தேவை. மாநாடு தேவை. மாநாட்டில் தரமான மதிய உணவு தேவை. இத்தனையும் நம்மிடம் இருக்கின்றன! பேசுகிறவர்கள் மட்டும்தான் பாக்கி. என் அனுபவத்தில் சொல்கிறேன், பேசுகிறவர்கள்தான் எப்போதுமே தொல்லை. அவர்கள் விதிகளைப் படிப்பதில்லை. கூட்டத்துக்கு நேரத்துக்கு வருவதில்லை. ஒரு நிலையில் இறந்தும் போகிறார்கள். மெழுகு அப்படியல்ல!"

துணைத் தலைவர் ஒரு துணியை விலக்கினார். அழகான பொம்மை வீடு ஒன்று மேசை மேல் இருந்தது.

"இந்த ஊரில் ஐரிஷ் பேசிய கடைசிக் குடும்பத்தின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் எழுப்பப் போகிறோம். மெழுகு அப்பா, மெழுகு அம்மா, மெழுகுக் குழந்தைகள். பொத்தானை அமுக்கினால் ஐரிஷ் பேசுவார்கள், இயல்பாக, தூண்டுதலின்றி! இதற்கென, கடற்கரை வளைவில் உள்ள பார்ட்லி என்பவரின் நிலத்தை வாரியம் எடுத்துக்கொள்கிறது. அவர் அங்கே எப்படியும் வீடு கட்டப் போவதில்லை. நம் அதிகாரி தவமிருந்த வரலாற்றுச் சிறப்புமிக்க அலமாரியும் அங்கே காட்சிக்கு வைக்கப்படும்."

நாப்லா என் கையைப் பிடித்தாள். இறைச்சி வெட்டுகிற கை என்னுடையது, எனக்கே வலித்தது. அவள் பார்ட்லியை மட்டும் பார்த்தாள். அத்தனை வருஷம் பொறுத்திருந்த பெண்ணின் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

பார்ட்லி எழுந்தான். முதலில் இங்கிலீஷில்தான் வாயைத் திறந்தான். "ஐயா, தயவு செய்து..." என்றான். அதற்கு மேல் அந்த மொழியில் அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. தொப்பியைத் தரையில் அடித்தான். பிறகு ஐரிஷில் வந்தது, கரையை உடைத்துக்கொண்டு வந்தது.

"மெழுகுக்கு வீடு, எனக்கு இல்லையாடா? நீ உக்கார்ற நாற்காலி பூரா ஈரமாவே இருக்கட்டும்! உன் தோட்டத்துக் கெழங்கெல்லாம் கண்ணா மொளைக்கட்டும், அதுல ஒரு கண்ணுக்கும் உன்னப் புடிக்காம போகட்டும்! நீ கூட்டுற மாநாட்டுக்கு உன் மாமியா மட்டும் வரட்டும், வந்தவ திரும்பிப் போகாம இருக்கட்டும்! உன் வெள்ளிக் காதுல முடி மொளைக்கட்டும்! ஏழு ஊரு மரத்த வெட்டி உனக்கு அலமாரி செய்யட்டும், உன் சவப்பெட்டிக்கு மட்டும் ஒரு பலகை கொறையட்டும்! ரெண்டு காலும் வெளிய நீட்டிக்கிட்டுக் கெடக்கட்டும், அதுல மழ பேயட்டும்!"

தகரக் கூரையில் மழை மட்டும் விழுந்தது. தலைவர் மெல்லக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு பழமையான கவிதை," என்றார். "என்ன சந்தம்! யாராவது பொருள் சொல்லுங்களேன்."

ஊர் முழுவதும் குனிந்து தன் தன் செருப்பைப் பார்த்தது. பாதிரியாரும் பார்த்தார். வந்த விருந்தாளியின் முகத்துக்கு நேராக அதையெல்லாம் எப்படிச் சொல்வது? நாங்கள் அப்படி வளரவில்லை.

டப்ளின் மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஐரிஷ் பிடிபடாமல் தன் கருவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் ஃபின்டனைப் பார்த்தார். ஃபின்டன் வெளுத்திருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு எல்லாமே புரிந்திருந்தது. அந்தச் சொற்களில் பாதி, நான் என் அடுப்புக்குக் கொடுத்தவை. அவன் பார்ட்லியைப் பார்த்தான், நாப்லாவைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான்.

"வரவேற்புப் பாட்டுங்க ஐயா," என்றான். "விருந்தாளியோட நாற்காலி, தோட்டம், மாமியார்னு ஒண்ணு விடாம வாழ்த்துது."

"ஆக, ஐரிஷ் கேட்கப்பட்டது! இயல்பாக இருந்ததா?"

"ரொம்ப இயல்பா இருந்துச்சுங்க."

"தூண்டுதலின்றி?"

ஃபின்டன் கொஞ்சம் யோசித்தான். பொய்யில் பழக்கமில்லாத பிள்ளை. "தூண்டுதல் மட்டும் லேசா இருந்துச்சுங்க ஐயா."

"பரவாயில்லை. இன்னொருவரோடு?"

"உங்களோடதாங்க."

தலைவர் பூரித்துப்போனார். அந்த இடத்திலேயே மொழி உயிர்த்தெழுந்ததாக அறிவித்தார். மொழியை உயிர்ப்பித்தது வாரியம்தான் என்று துணைத் தலைவர் சேர்த்துக்கொண்டார். மெழுகுக் குடும்பம் வேறு ஏதோ ஊருக்குக் குடிபோயிற்று. பார்ட்லிக்கு அனுமதி கிடைத்தது.

வீடு எழும்பியது. நாப்லா விரலை நீட்டினாள். கல்யாணத்தில் நான் ஆடிய ஆட்டத்தை ஃபெஸ்டி இன்னும் எல்லாருக்கும் நடித்துக் காட்டுகிறான். மறுநாள் ஆறு பேர் சேர்ந்து அலமாரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புது வீட்டு வாசலில் அது நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள், ஜன்னலைக் கழற்றிப் பார்த்தார்கள். திரும்பவும் என் சமையலறைக்கே வந்துவிட்டது. நான் இன்னும் நண்டு மாதிரிதான் அடுப்புக்குப் போகிறேன்.

ஃபின்டன் வேலையை விட்டுவிட்டான். நாப்லாவின் பழைய அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு பார்ட்லியின் படகில் போகிறான். ஒரு சாயங்காலம் வலை வேலை முடிந்து பப் கதவைத் திறந்தான். உள்ளே நாய் விவகாரம் மறுபடியும் சூடு பிடித்திருந்தது. யாரும் பேச்சை மாற்றவில்லை. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃபெஸ்டி மட்டும் ஐரிஷில் கத்தினான்:

"கதவ சாத்துடா கழுத! மழ உள்ள அடிக்குது பாரு!"

ஃபின்டன் கதவைச் சாத்திவிட்டு, அதன் மேலேயே சாய்ந்து நின்று அழுதான். நாங்கள் ஆறுதல் சொல்லவில்லை. ஒருவன் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டான், அவ்வளவுதான்.

பார்ட்லியின் பாட்டை வாரியம் விடவில்லை. ஊர் எல்லையில் பெரிய கல்லில் முழுவதையும் செதுக்கி, மேலே வெள்ளிக் காதைப் பதித்து நிறுத்தியிருக்கிறது. டப்ளினில் எந்தக் கூட்டமானாலும் எல்லாரும் எழுந்து நின்று இதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்களாம்.

போன மாதம் தலைவர் மறுபடி வந்தார். அவர் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட ஐரிஷ் அந்தப் பாட்டுதான். கல்லுக்கு முன்னால் கொட்டுகிற மழையில் நின்று, நெஞ்சில் கை வைத்து, நாற்காலியிலிருந்து சவப்பெட்டிவரை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். நாங்கள் எல்லாரும் மரியாதையாக நிமிர்ந்து நின்றோம். பிறகு அவர் பார்ட்லி பக்கம் திரும்பி, "என் உச்சரிப்பு எப்படி?" என்று கேட்டார்.

பார்ட்லி தொப்பியைக் கழற்றினான். இருப்பதிலேயே நல்ல இங்கிலீஷை எடுத்துக்கொண்டு, மனதாரச் சொன்னான்:

"அருமைங்க ஐயா. ஒவ்வொரு வார்த்தையும் உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு."